கம்ப்யூட்டர் எழும்பும் நேரம்

வெள்ளாரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் பிரம்மசக்தி நடத்திவந்த கம்ப்யூட்டர் கடையில், ஆயுதபூஜைக்கு மறுநாள் காலையிலிருந்து, பொத்தானை அமுக்கியவர் யாருக்காகக் காத்திருக்கிறாரோ அந்த ஆள் இருக்கிற இடத்தின் சத்தம், கம்ப்யூட்டர் முழுசாக எழும்புவதற்கு முன்னால், ஸ்பீக்கர் வழியாகக் கேட்க ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் இதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. அது உப்பளத்து ஊர். கடல் தண்ணீர் பாத்தியில் கிடந்து, வெயிலைக் குடித்துத் தானாகவே கல்லாகிப்போவதைத் தினமும் பார்க்கிறவர்கள், ஒரு பெட்டிக்குள் சத்தம் வந்ததற்காகவா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள்? வேலை முடிந்து, காலில் ஒட்டிய உப்பைக் கழுவி, தலை சீவிக்கொண்டுதான் வந்தார்கள்.

காரணம் என்று பார்த்தால் சந்தனத்தைத்தான் சொல்ல வேண்டும். அந்த ஊரில் ஆயுதபூஜை என்றால் பேருக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகிற வேலை கிடையாது. உப்பு லாரி என்றால் சக்கரத்துக்கு, ஸ்டியரிங்குக்கு, ஹாரனுக்கு, கண்ணாடி துடைக்கிற குச்சிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைப்பார்கள். பிரம்மசக்தியும் அந்த ஊர்க்காரிதானே. மானிட்டருக்கு வைத்தாள், கீபோர்டுக்கு வைத்தாள், மவுஸுக்கும் பிரிண்டருக்கும் ஸ்பீக்கரின் இரண்டு வாய்க்கும் வைத்தாள், அப்புறம் பின்பக்கம் திருப்பி, ஒயர் சொருகுகிற ஓட்டைகள் மட்டும் என்ன பாவம் செய்தன என்று, ஈர்க்குச்சியில் சந்தனத்தைத் தொட்டு ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் வைத்தாள். சந்தனம் காய்ந்தது. மறுநாள் காலையில் பொத்தானை அமுக்கினால், எதிரே பொன்னுத்துரை டீக்கடையில் பால் பொங்கி வருகிற நேரம் வரைக்கும் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வட்டத்துக்குக் கீழே, சாதனங்கள் தயாராகின்றன, காத்திருக்கவும் என்று எழுத்து வந்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஜெபஸ்டின் தூத்துக்குடியிலிருந்து பைக்கில் வந்து, பெட்டியைத் திறந்து பார்த்து, மூடிவிட்டான்.

"உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு டிரைவர் உண்டுக்கா. அவன் எழும்பி வந்து உக்காந்தாத்தான் அதுக்குத் தன் வேலை என்னன்னு தெரியும். அது வரைக்கும் ஸ்பீக்கருக்குத் தான் ஸ்பீக்கர்னே தெரியாது."

"அப்ப அதுவரைக்கும் அது என்னவா இருக்கும்?" என்று பிரம்மசக்தி கேட்டாள்.

"அது எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றான் அவன்.

ஊருக்குத் தெரிந்திருந்தது. தெருவுக்கு நான்கு லாரி டிரைவர்கள் இருக்கிற ஊரில், டிரைவர் வருகிற வரைக்கும் வண்டி என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேப்பமர நிழலில் நிற்கும், அடியில் நாய் படுக்கும், மேலே பிள்ளைகள் ஏறிக் குதிக்கும், யாராவது பக்கத்தில் வேட்டியைக் காயப்போடுவார்கள். பார்த்தால் லாரிதான், ஆனால் அந்த நேரத்தில் அது லாரி இல்லை. ஸ்பீக்கரும் அப்படித்தான் தன் டிரைவர் வருகிற வரைக்கும் சும்மா எங்கெங்கோ போய்வருகிறது என்று எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள்.

முதலில் கேட்டது செல்லக்கிளி. உப்பு வாருகிற வேலைக்காரி. வாக்காளர் அட்டையில் தன் பெயருக்கு மேலே தன் மாமியாரின் படம் வந்திருப்பதைத் திருத்தவேண்டி வந்திருந்தாள். பிரம்மசக்தி ஜெராக்ஸ் மெஷினில் சிக்கிய தாளை உருவிக்கொண்டிருந்ததால், "அந்தப் பொத்தான அமுக்குத்தா" என்றாள். செல்லக்கிளி அமுக்கினாள். வட்டம் சுற்றியது. ஸ்பீக்கரில் ஒரு குக்கர் விசில் அடித்தது, ஒரு தையல் மெஷின் ஓடியது, மாடிப்படியில் யாரோ இறங்கிப்போனார்கள், அப்புறம் ஒரு பெண் குரல் இந்தியில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கியது. செல்லக்கிளி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அது வடக்கே பிவண்டியில் கட்டிக்கொடுத்த அவள் மகளின் குரல். ஊரில் இருந்தவரைக்கும் முற்றத்துக் கோழியை விரட்டக்கூட வாய் வராத பிள்ளை, இப்போது மொழி தெரியாத ஊரில் காய்கறிக்காரனை அதட்டிக்கொண்டிருந்தது. அந்த அதட்டலைக் கடைசிவரைக்கும் கேட்டாள். பிறகு திரையில் படம் வந்தது, ஸ்பீக்கர் டிங்கென்று ஒரு சத்தம் போட்டுத் தன் பாட்டுக்கு ஸ்பீக்கராகிவிட்டது.

"பொழச்சுக்கிடுவா," என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள் செல்லக்கிளி. வந்த வேலையை மறந்துவிட்டாள். இன்றைக்கும் அவள் ஓட்டு மாமியார் முகத்தோடுதான் விழுகிறது.

பிறகு ஊர் அந்த நேரத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் எழும்பும் நேரம் என்றே அதற்குப் பெயர் வந்தது. கேட்க வருகிற ஒவ்வொருவருக்கும் பிரம்மசக்தி அதை அணைத்துக் கொடுத்தாள். எழும்பும் நேரத்தில் விலக்கைத் தாண்டுகிற உப்பு லாரிகள் ஹாரன் அடிப்பதில்லை என்று டிரைவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள், கரண்ட் ஆபீஸ் லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் கடைக்கு ஒரு எட்டு வந்து சொல்லிவிட்டுப் போனார், நிறைமாசக்காரிகளுக்கு முதலில் இடம் விட்டார்கள், சவூதியில் மகன் இருக்கிறவர்கள் அங்கே பொழுது விடிந்து வேலைக்குப் போகிற நேரமாகப் பார்த்து வந்தார்கள். இங்கிருந்து பேசினால் அங்கே கேட்காது, கேட்க மட்டும்தான் முடியும் என்பது தெரிந்தும், சாப்பிட்டியாடா என்று கேட்காமல் ஒருத்தியும் எழுந்ததில்லை. வெளியூரில் ஆளே இல்லாத வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய கௌரவக் குறைச்சலாகப் போயிற்று. அதில் ஒருத்தர், பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த தங்கச்சியைப் போய்ப் பார்ப்பதையே நிறுத்திவிட்டு, இங்கே வந்து அவள் ஆட்டுரலில் மாவாட்டுகிற சத்தத்தைக் கேட்டுப் பெருமூச்சுவிட்டுப் போனார்.

லாரி வைத்திருந்த கொம்பையா மட்டும் தனக்கு அப்படியெல்லாம் யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். பட்டா நகல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். விறைப்பாகப் பொத்தானை அமுக்கினார். ஸ்பீக்கரில் ஒரு இருமல் கேட்டது. நெஞ்சைக் கீறிக்கொண்டு வருகிற, பாதியில் மூச்சு நின்று பிறகு மறுபடியும் தொடங்குகிற இருமல். கொம்பையாவுக்கும் அவர் தம்பிக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரை யார் கட்டியது என்கிற சண்டையில் பேச்சுவார்த்தை நின்று, தம்பி மகள் சடங்குக்கே அவர் போகவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்காத இருமலை அவர் இரண்டு தெரு தாண்டி வந்து கேட்டார்.

"இது எவனோ," என்றார்.

மறுநாள் காலையில் கொம்பையா ஒரு தூக்குவாளியில் சுக்குத்தண்ணி போட்டுக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் நின்றதைத் தெருவே பார்த்தது, பார்க்காதது மாதிரி இருந்துகொண்டது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மிக்கேலம்மாள் வருகிற வரைக்கும். மிக்கேலம்மாளின் மகன் போன புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போனவன். கூடப் போனவர்களில் ஒருத்தனை ஏதோ கப்பல்காரர்கள் தூக்கிவந்து கரைசேர்த்தார்கள் என்பதால், இவனையும் எங்கேயாவது சேர்த்திருப்பார்கள், பாஷை தெரியாத ஊரில் கிடக்கிறான் என்றுதான் அவள் சொல்லிவந்தாள். கடையில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அவள் சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். விரலை எடுப்பதற்குள் படம் வந்துவிட்டது. வட்டம் சுற்றவே இல்லை.

மிக்கேலம்மாள் திரையையே பார்த்தாள். "இவ்வளவுதானா?"

பிரம்மசக்தி மவுஸை ஓரமாகத் தள்ளிவைத்தாள். பிறகு, "இவ்வளவுதாம்மா," என்றாள்.

"நல்லா ஓடுது மெஷினு," என்றாள் மிக்கேலம்மாள். வந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மகன் பெயரைச் சொல்லி, செத்தவர்களுக்கு வைக்கிற பூசை வைத்தாள். ஊரே போய் நின்றது. காத்திருக்க ஆள் இல்லாதவருக்கு கம்ப்யூட்டரும் காத்திருக்காது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் விளங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வருகிற பலபேர் பொத்தானைத் தொடவே பயந்தார்கள். பிரம்மசக்திக்கு அந்த வசதி இல்லை. கடைக்காரி அவள்தான், தினமும் காலையில் முதல் ஆளாக அதை அமுக்கித்தான் ஆகவேண்டும்.

அவள் காத்திருந்தது ஆதிலிங்கத்துக்காக.

ஆதிலிங்கம் அவள் புருஷன். அந்த ஊரிலேயே மெதுவான ஆள். சோம்பேறி என்று சொல்லிவிடக் கூடாது, எடுத்த வேலையை முடிக்காமல் அவர் வைத்ததே கிடையாது; என்ன, எடுக்கத்தான் நேரமாகும். காலையில் கண்ணைத் திறந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பார். முதலில் கைக்கு உயிர் வந்து மடியில் அசையும், பிறகு கால் செருப்பைத் தேடும், அதற்கும் பிறகுதான் கண்ணுக்குள் அவர் வந்து சேர்வார், பிரம்மசக்தியைப் பார்த்து, விடிஞ்சிட்டா என்பார். எதிர்க்கடைப் பொன்னுத்துரை ஆளை முகத்தால் அறிகிறவர் இல்லை, தலையே நிமிராமல் டீ ஆற்றுகிறவர், சீனி கூடவா குறைச்சலா என்பதை வைத்துத்தான் இன்னார் என்று சொல்வார். அவரே ஆதிலிங்கத்திடம் மட்டும் சீனி போடவா என்று கேட்டுவிட்டு, வேறு ரெண்டு பேருக்கு டீ கொடுத்து முடித்துத்தான் பதில் வாங்குவார்.

பிரம்மசக்தியோ படபடவென்று பொரிகிற ஜாதி. கீபோர்டில் அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்க்கவே சில பேர் விண்ணப்பம் போடுவார்கள். கடையில் உட்கார்ந்து அவள் ஒரு சத்தம் கொடுத்தால் ரோட்டைத் தாண்டி, பொன்னுத்துரையின் பாய்லரைத் தாண்டி, பஸ் நிழற்குடை வரைக்கும் கேட்கும். அந்தக் குரலில்தான் ஒருநாள், பரீட்சைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று, வாசல் வரைக்கும் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நிற்க, ஆதிலிங்கம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடித் தட்டிக்கொண்டிருந்தபோது, "நீங்க எந்திரிங்க, ஒங்களுக்காகக் காத்துக்கிட்டிருந்தா எல்லாரும் கெழவனாயிருவானுவ" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆதிலிங்கமும் கொஞ்சநேரம் கழித்துச் சிரித்தார். எழுந்து அவளுக்கு இடம் விட்டார்.

அந்த வாரமே, மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிப்போகிற தோணியில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கடலில் யாருக்கும் எந்த அவசரமும் இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து வேறு கப்பல், அதிலிருந்து இன்னொன்று. செல்போனை எடுத்துப் பேசுவதற்குள் எதிராளி வைத்துவிடுவார் என்பதால் போனே வைத்துக்கொள்ளாத ஆள் அவர். எப்போதோ ஒரு கப்பல்காரன் ஊருக்கு வந்தபோது, "ஆதிலிங்கண்ணன் வாரேன்னு சொல்லச் சொன்னாவ" என்றான். எப்போது என்று கேட்டதற்கு, "அதத்தான் நானும் கேட்டேன், அவுக பதில் சொல்லுததுக்குள்ள நான் எறங்குத எடம் வந்துட்டு" என்றான்.

வாரேன் என்று சொன்னால் வருகிற ஆள்தான். அதில் பிரம்மசக்திக்குச் சந்தேகம் இல்லை. கடைக்குள் அவர் இருந்த காலமெல்லாம் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டியவள், இப்போது அவர் உட்கார்ந்த மூலையில் யாரையும் உட்காரவிடுவதில்லை. அவளுக்கு அவர் வேண்டும். விடிஞ்சிட்டா என்கிற அந்த ஒரு வார்த்தையைக் கேட்க வேண்டும், எவ்வளவு நேரம் கழித்துச் சொன்னாலும் சரி.

தினமும் காலையில் அவள் பொத்தானை அமுக்கினால் ஸ்பீக்கரில் ஸ்ஸ்ஸ் என்று ஒரே இரைச்சலாகத்தான் வந்தது. முதலில் தூசி அடைத்திருக்கிறது என்று நினைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள். செல்லக்கிளி மகள் குரல் கேட்டதற்குப் பிறகுதான் அது கடல் என்று தெரிந்தது. சில நாள் இரைச்சலோடு இன்ஜின் சத்தம் வரும். சில நாள் கரண்டி ஒன்று சட்டியில் மெதுவாக, மிக மெதுவாக, வெங்காயம் வதக்கும். அந்தக் கரண்டி அவருடையது என்று உலகத்தில் யார் வந்து சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

மிக்கேலம்மாளுக்குப் பிறகு, பொத்தானை அமுக்கிவிட்டு அவள் திரையையே பார்த்திருப்பாள். வட்டம் சுற்றத் தொடங்கினால்தான் மூச்சே வரும். சுத்து, நல்லா சுத்து, மெதுவா சுத்து என்று அந்த அவசரக்காரி ஒரு கம்ப்யூட்டரிடம் கெஞ்சினாள். அதுவும் அவள் சொன்னதைக் கேட்டது. ஒரு பால் பொங்கும் நேரம் என்பது இரண்டு பால் ஆயிற்று, பிறகு காலை பஸ் போய்த் திரும்பி வரும் நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளுக்காகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

பங்குனி பிறந்த பிறகு ஒரு காலையில் இரைச்சல் வரவில்லை. கரண்டி வரவில்லை, இன்ஜின் வரவில்லை. வட்டம் மட்டும் சுற்றியது. அவள் காதை ஸ்பீக்கரில் வைத்துப் பார்த்தாள், ஒன்றுமே இல்லை. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே.

கடலில் சத்தமே இல்லாத இடம் அடியில்தான் இருக்கிறது என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியது. அவள் காதில் விழாமல்தான் பேசினார்கள், ஆனால் அவளைப் பார்க்கிற பார்வையிலேயே அது இருந்தது. செல்லக்கிளி வேலைக்குப் போகிற வழியில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள். பொன்னுத்துரை மதியத்தில் கேட்காமலேயே ஒரு டீ கொடுத்துவிட்டார். மிக்கேலம்மாள் ஒருநாள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைத்தான் பிரம்மசக்தியால் தாங்க முடியவில்லை.

"எனக்குச் சுத்துதும்மா," என்றாள் பிரம்மசக்தி. "சத்தந்தான் இல்ல. மெஷினு இன்னும் காத்துக்கிட்டுதான் இருக்கு. நீங்களே பாருங்க."

மிக்கேலம்மாள் பார்த்தாள். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. "சுத்தட்டும் தாயி," என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் பரீட்சை முடிவுகள் வந்து, கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற காலமும் வந்தது. காலையில் அமுக்கினால் மத்தியானச் சோற்று நேரம் வரைக்கும் வட்டம் சுற்றுகிற கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு எப்படி இடம் கிடைக்கும்? பெற்றவர்கள் வாசலில் நின்று தயங்கித்தயங்கிப் பேசினார்கள். புது டிஸ்க் ஒன்று போட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் எழும்பிவிடும், சந்தனத்தையும் சுரண்டிவிடலாம், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஜெபஸ்டின் சொல்லியிருந்தான். அது கூடாது என்று சண்டைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். செல்லக்கிளி, "எம் மவ சத்தத்தப் புடுங்கிட்டுப் போயி என்னத்தப் படிக்கப்போறானுவ" என்று ரோட்டில் நின்று கத்தினாள். கொம்பையா யோசித்து, பிள்ளைகள் பக்கமே பேசினார். "நமக்குக் கேக்க வேண்டியதக் கேட்டாச்சு. இனி நேர்ல போயிப் பாக்க வேண்டியதுதான," என்றார். தம்பி அவர் பக்கத்தில் நின்று இருமினார்.

பிரம்மசக்தி இரண்டு நாள் யோசித்தாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு யுகம். அந்தச் சத்தமில்லாத வட்டத்துக்கு முன்னால் இன்னும் ஒரு காலை உட்கார அவளுக்குத் தெம்பில்லை. அது நின்றுபோனால் அவளுக்கென்று ஒன்றுமே இல்லை. கடைசியில், வாசலில் நின்ற ஒரு பெண்பிள்ளையின் கையில் மார்க் ஷீட் கசங்கிக்கிடந்ததைப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டாள்.

ஜெபஸ்டின் புது டிஸ்க்கோடு காலையிலேயே வந்தான். பின்பக்கத்து ஒயர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உருவி, சந்தனத்தைச் சுரண்டுவதற்காகக் கீழே பேப்பர் விரித்தான்.

"அக்கா, இருக்குத ஃபைலயெல்லாம் எடுத்து வச்சிக்கிடணும். கடைசியா ஒரு தடவ போட்டுவிடுங்க. எழும்பினதும் எடுத்துட்டு, சுரண்டிட்டுக் கழட்டிருதேன்." கரண்ட் ஒயரையும் மானிட்டரையும் மவுஸையும் ஸ்பீக்கரையும் மட்டும் திரும்பச் சொருகினான்.

கடைசித் தடவை என்றதும் செய்தி எப்படித்தான் பரவியதோ, செல்லக்கிளி வந்தாள், கொம்பையா வந்தார், மிக்கேலம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள், விண்ணப்பம் போட வந்த பிள்ளைகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பிரம்மசக்தி வழக்கம்போல ரோட்டுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக் கிடந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். பொத்தானை அமுக்கினாள்.

வட்டம் சுற்றத் தொடங்கியது. சத்தம் ஒன்றும் வரவில்லை. தலைக்கு மேலே பழைய ஃபேன் மட்டும் எப்போதும்போல டக்டக் என்று ஒரு இறக்கை தட்டிக்கொண்டு ஓடியது. கொஞ்சநேரம் அப்படியே போயிற்று. பிறகு ஸ்பீக்கரில் காற்று அடித்தது. திறந்த வெளியில், வேட்டியைப் படபடக்க வைக்கிற காற்று. உப்பு நொறுங்குகிற மாதிரி காலடியில் ஏதோ நொறுங்கியது. நின்றது. ரொம்பநேரம் நின்றது. பிறகு நொறுங்கியது.

"பாத்தி வரப்பு," என்றாள் செல்லக்கிளி. "உப்பளத்து வரப்புல நடந்தாத்தான் இப்படிக் கேக்கும்."

வேலை நின்று, ஆள் போகாமல் கிடக்கிற பழைய உப்பளத்தில் சத்தமே இருக்காது. கரையிறங்கி அங்கே உட்கார்ந்துவிட்ட ஆளுக்கு, எழும்பி நடப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாரோ என்று பிரம்மசக்தி நினைத்துக்கொண்டிருக்கும்போதே, காலடி வரப்பை விட்டு ரோட்டில் ஏறி நெடுநேரம் நடந்தது. முகத்தைக் காட்டாமல், "ஏ ஜெபஸ்டினு, ஸ்க்ரூவப் பத்திரமா வையி" என்று சத்தம் போட்டாள்.

ஏ ஜெபஸ்டினு, ஸ்க்ரூவப் பத்திரமா வையி என்று ஸ்பீக்கருக்குள்ளிருந்து, எங்கோ தூரத்தில் இருக்கிற மாதிரி, அதே குரல் கேட்டது.

"மைக்கு இழுக்குதுக்கா," என்றான் ஜெபஸ்டின். சொல்லிவிட்டு அவன் கையைப் பார்த்தான். கம்ப்யூட்டரிலிருந்து உருவிய மைக்கின் ஒயர் அவன் கையில்தான் இருந்தது.

ஸ்பீக்கரில் பாய்லர் உஸ்ஸென்றது. கண்ணாடி டம்ளர்களைத் தண்ணீரில் அலசுகிற சத்தம், ரொம்பப் பக்கத்தில் கேட்டது. பெஞ்சில் யாரோ பையை வைத்தார்கள். பொன்னுத்துரையின் குரல் வந்தது: "சீனி போடவா?"

பதில் இல்லை. டீ ஆற்றுகிற சத்தம். யாருக்கோ டம்ளரை நீட்டுகிற சத்தம். இன்னொரு டம்ளர். மறுபடியும் பொன்னுத்துரை, தலை நிமிராமல்தான் இருக்க வேண்டும், "அண்ணாச்சி, ஒங்களத்தான். சீனி போடவா?"

பதில் இல்லை. செல்லக்கிளி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஊரில் இரண்டு தடவை கேட்டும் பதில் சொல்லாத ஆள் ஒருத்தர்தான். கொம்பையா, "லே, ஆதிலிங்கம்லே!" என்று கத்திக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார்.

பிரம்மசக்தி கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள். ரோட்டைத் தாண்டாத குரலில், அப்படி ஒரு குரல் அவளுக்கு உண்டென்று யாரும் அறிந்திராத குரலில், "யாரும் கூப்பிடாதீக," என்றாள். "அவுகளா வரட்டும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சமா," என்றது ஸ்பீக்கர்.

பிரம்மசக்தியின் கண் நிறைந்து வழிந்தது. அவள் துடைக்கவில்லை. ஆதிலிங்கம் டீ குடித்தார். ஒரு மனுஷன் ஒரு டீயை அவ்வளவு நேரம் குடிக்க முடியும் என்று வாசலில் நின்ற பிள்ளைகள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். விண்ணப்பம் போட வேண்டிய அவசரத்திலும் அவர்கள் யாரும் அசையவில்லை. டம்ளரை வைத்தார். பையை எடுத்தார். எடுத்த பையோடு அப்படியே நின்றார். உப்பு லாரி ஒன்று போயிற்று. ரோட்டிலும் போயிற்று, ஸ்பீக்கரிலும் போயிற்று, ஹாரன் அடிக்காமல் போயிற்று. பிரம்மசக்தி காத்திருந்தாள். இன்னும் ஒரு லாரி போயிற்று. அவள் இன்னும் காத்திருந்தாள்.

பிறகு செருப்புச் சத்தம். தார் ரோட்டில் ஒன்று, நின்று, இன்னொன்று. வாசலில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஸ்பீக்கருக்குள் எங்கோ தூரத்தில் டக்டக் என்று ஒரு ஃபேன் ஓடத் தொடங்கியது. தலைக்கு மேலே ஒரு டக்டக், ஸ்பீக்கரில் ஒரு டக்டக். தலைக்கு மேலே பெரிதாக, ஸ்பீக்கரில் சின்னதாக. ஒன்று முந்தி, ஒன்று பிந்தி. ஸ்பீக்கரில் இருந்தது மெல்ல மெல்லப் பெரிதாகி, கிட்டே வந்து, இன்னும் கிட்டே வந்து, எது மேலே ஓடுவது எது உள்ளே ஓடுவது என்று பிரிக்க முடியாமல், இரண்டும் ஒரே ஃபேன் ஆயிற்று.

வட்டம் நின்றது. படம் வந்தது. அதைப் பார்க்க பிரம்மசக்தி இல்லை. அவள் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பியிருந்தாள்.